பல இசைகளைக் கலந்து வாசிக்கும் ராக் பாண்டை நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா, யூடியூப் போதாதா?

போதாது. வெறும் ராக் என்றால் யூடியூபிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்வேன். கலந்து வாசிக்கிறவர்களை நேரில்தான் பார்க்க வேண்டும்.

போன வருடம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் ஒரு கச்சேரி. உள்ளூர்ப் பாண்ட்தான், குறை சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். இரண்டு கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், ஒரு தவில், ஒரு கண்டி மேளம். அதைச் சிங்களத்தில் கெட்ட பெரய என்பார்கள். தமிழில் எழுதினால், பாவம், வேறு அர்த்தம் வருகிறது.

முதல் நாலு பாட்டும் வீண். தவில்காரர் வாசிப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை. அவருடைய மைக்கில் சிம்பல் சத்தம்தான் புகுந்து வந்தது. கூட வந்த நண்பன், "மச்சான், முன்னுக்கு நிக்காதை, சவுண்ட் மேசையடிக்கு வா" என்று இழுத்துக்கொண்டு போனான். சவுண்ட்காரர் தன் காதில் விழுவதை வைத்துத்தானே எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார்? அவருக்குப் பக்கத்தில் நின்றதும் தவில் கேட்டது.

ஐந்தாவது பாட்டில் கிட்டார் திடீரென்று பைலாவுக்கு, அதாவது எங்கள் ஊர் ஆட்டப்பாட்டுத் தாளத்துக்குத் தாவியது. தவில்காரர் உடனே சேரவில்லை. வலக்கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபடி, ட்ரம்ஸ்காரரின் காலையே கவனித்துக்கொண்டிருந்தார். பைலாவின் 6/8 தாளம் அவருக்குத் திஸ்ர நடை, மும்மூன்றாக எண்ணும் கணக்கு. இரண்டு சுற்று விட்டுத்தான் இறங்கினார். கண்டி மேளக்காரர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார், ஒரு சுற்றுக் கேட்டார், பிறகு பதில் கொடுத்தார். அந்தத் தயக்கம் ரெக்கோர்டிங்கில் இருக்காது, வெட்டிவிடுவார்கள். எனக்கோ கொடுத்த காசுக்குக் கிடைத்ததே அதுதான்.

எல்லாப் பாட்டும் அப்படி இல்லை. இரண்டு மூன்றில் மேளத்தைக் கொத்தமல்லி மாதிரி மேலே தூவியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கலப்பு எங்களுக்கொன்றும் புதிதில்லை. பைலாவே போர்த்துக்கீசரும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரும் விட்டுப்போன தாளம். எழுபதுகளிலேயே எங்கள் பாடகர் ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைச் சிங்களமும் தமிழுமாகப் பாடி ஊரையே ஆட வைத்தார். அதனால்தான் அன்றைக்கும் யாரும் யாருக்கும் விளக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற வயதான அங்கிள் ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆடத் தொடங்கிவிட்டார்.

சரி, போவதென்றால் காதடைப்பான் வாங்கிக்கொண்டு போங்கள். பஞ்சு உதவாது. 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடத்துக்கு மேல் நிற்பது காதுக்கு நல்லதில்லை, கச்சேரியோ இரண்டு மணித்தியாலம். நான் அடைப்பான் இல்லாமல் போனேன். கொள்ளுப்பிட்டியில் 100ஆம் நம்பர் பஸ் ஏறினால், எங்கே இறங்க வேண்டும் என்று கொண்டக்டர் மூன்று தரம் கேட்டாராம். பக்கத்தில் இருந்த அம்மாதான் என் தோளைத் தட்டிச் சொன்னார்.