அசல் என்று எழுதினார், சரி, ஆண்டையும் எழுதினாரா?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் காலாட்படைத் தாக்குதல் பேட்ஜ் ஒன்றை 20 மாதங்களுக்கு முன் இணைய ஏலத்தில் ஒரு தனிநபரிடம் 420 யூரோவுக்கு வாங்கினேன். 'அசல், 1939–45, தாத்தாவின் உடைமை' என்று எழுதியிருந்தார். கீழே 'உத்தரவாதம் இல்லை, திரும்பப் பெறுவதில்லை' என்றும் இருந்தது. அது பிற்கால நகல் என்கிறார் சேகரிப்பாளரான நண்பர். விற்றவர் முதலில் ஏசினார், இப்போது 200 யூரோ தருகிறேன் என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி அவர் சொன்ன தாத்தா கதையும் உங்களை ஏசிய விதமும்தான். வலித்திருக்கும், ஆனால் வழக்குக்கு உதவாது. எனக்கு வேண்டியது 'அசல், 1939–45' என்ற ஒரே வரி.

'அசல்' மட்டும் இருந்தால் தடுமாறியிருப்பீர்கள். லூடன்ஷைட் நகரின் ஸ்டைன்ஹவர் உண்ட் லூக் போன்ற நிறுவனங்கள் போரின்போதும் பதக்கம் செய்தன. நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகாவை நீக்கிய வடிவங்களை 1957-க்குப் பிறகும் செய்தன. 'அதே கம்பெனி, அதே அச்சு, எனவே அசல்' என்று வாதிடுவார்கள். ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டதால் அந்தக் கதவு அவருக்கு மூடிவிட்டது. 'உத்தரவாதம் இல்லை' என்ற வரியும் அவரைக் காக்காது. பொதுவான விலக்கு, குறிப்பாக ஒப்புக்கொண்ட தன்மையைத் தொடாது என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கில் சொல்லிவிட்டது.

என்னிடம் வருபவர்கள் சறுக்குவது நிரூபணத்தில். பொருளைப் பெற்றுக்கொண்ட பிறகு, அது போலி என்று காட்டும் பொறுப்பு வாங்கியவருடையது. விற்றவர் மறுத்தால் நண்பரின் சொல் போதாது. நீதிமன்றம் தன் நிபுணரைக் கேட்கும். அதற்கு முன்பணம் கட்ட வேண்டியவர் நீங்கள். அது 420 யூரோவைச் சுலபமாகத் தாண்டும். துணிச் சின்னம் என்றால் புற ஊதா விளக்கில் நூல் பளீரென்று ஒளிர்ந்தாலே பாதி வேலை முடிந்தது. உலோகத்தில் அப்படி இல்லை. ஆரம்பத்தில் செம்புக் கலவையில் செய்தவை போர் நீள நீளத் துத்தநாகத்துக்கு மாறின. துத்தநாகத்தில் வெள்ளிப் பூச்சு நெடுநாள் தங்காது; உண்மையானவையே சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே 'நிறம் சரியில்லை' என்ற நண்பரின் வாதம் எதையும் நிரூபிக்காது. பின்பக்க ஊசி, கீல், கொக்கி, தயாரிப்பாளர் குறி ஆகியவை அந்தத் தயாரிப்பாளரின் அறியப்பட்ட அச்சோடு பொருந்துகின்றனவா என்பதுதான் எடுபடும். அதையும் பார்த்துவிட்டு நிபுணர் 'உறுதியாகச் சொல்ல இயலாது' என்று எழுதினால், நீங்கள் தோற்றீர்கள். இருதரப்புச் செலவும் உங்கள் தலையில்.

'நான் அனுப்பியது இது இல்லை, மாற்றிவிட்டார்' என்ற பதிலையும் பலமுறை கேட்டிருக்கிறேன். விளம்பரப் படங்களைச் சேமித்திருந்தால், அவற்றில் தெரியும் கீறல்கள் உங்கள் பேட்ஜில் அதே இடத்தில் இருப்பதை இன்றே படமெடுங்கள். துடைக்காதீர்கள். ஒரு கட்சிக்காரர் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்தார். ஒப்பிட ஒரு கீறல்கூட மிஞ்சவில்லை.

இன்னும் நான்கு மாதம்தான் உங்களிடம் இருக்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து 2 ஆண்டு என்பது கணக்கு. கோபமான மின்னஞ்சல்களை நம்பி இருக்காதீர்கள். ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாகத் தெளிவாக எழுதிய கடிதம் பதிவுத் தபாலில் அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். தெரிந்தே ஏமாற்றினார் என்று காட்டினால் காலம் நீளும், உண்மைதான். ஆனால் 'தாத்தா பெட்டியில் கிடந்தது, நானும் நம்பினேன்' என்பார். அவர் மனதில் இருந்ததை எப்படி நிரூபிப்பீர்கள்?

அப்புறம், பேட்ஜின் படத்தை யாரும் பார்க்கும்படி சமூக வலைப்பக்கத்தில் போட்டு 'இது போலியா?' என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்வஸ்திகா மறைக்கப்படவில்லை. தயவுசெய்து இதைப் படித்த உடனே எடுத்துவிடுங்கள். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. பொதுவில் காட்டுவது தண்டனைச் சட்டம் 86ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதத்துக்கு உரியது. ஆய்வுக்கும் வரலாற்றுக் கல்விக்கும் விலக்கு உண்டு. அதற்குள் உங்கள் பதிவு வரும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். 420 யூரோவுக்காகப் போய், நீங்களே குற்றம் சாட்டப்பட்டவராகத் திரும்ப வேண்டாம்.

என் யோசனை, சமரசம். பேட்ஜைத் திருப்பித் தருகிறேன், 300 கொடுங்கள் என்று கேளுங்கள். மறுத்தால் 200-ஐ வாங்கிக்கொண்டு எழுத்தில் முடித்துவிடுங்கள். அப்போது பேட்ஜ் உங்களிடமே தங்கினால், பிறகு விற்கும்போது 'நகல்' என்றே எழுதுங்கள், ஸ்வஸ்திகாவையும் மறையுங்கள். நட்டத்தை ஈடுகட்ட 'அசல்' என்று போட்டு விற்ற ஒருவருக்காக மோசடி வழக்கில் நான் வாதாடியிருக்கிறேன். அவரும் உங்களைப் போல ஏமாந்தவராகத்தான் என்னிடம் முதலில் வந்தார்.