பயோகெமிஸ்ட்ரியில் சேர்ந்த மகளின் அம்மாவுக்கு

அம்மா, "டாக்டர் சீட் கிடைக்கலை, பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியில் சேர்த்துட்டோம், இனி இவ என்ன ஆவா?" என்று கேட்டபோது உங்கள் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அப்போது பிரிட்டனின் ஊட்டச்சத்து விஞ்ஞானி எல்சி விடோசன் நினைவுதான் வந்தது.

லண்டனில் வேதியியல் படித்தவர். ஆப்பிளிலுள்ள சர்க்கரைகளை ஆராய்ந்து 1931-இல் பிஎச்.டி. வாங்கியும் நிலையான வேலை அமையவில்லை. சரி என்று உணவியல் டிப்ளமோவில் சேர்ந்தார். அந்தப் பயிற்சிக்காக 1933-இல் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைச் சமையலறைக்குப் போனார். இறைச்சியைச் சமைத்தால் எவ்வளவு சத்து போகிறது என்று அங்கே அளந்துகொண்டிருந்தார் டாக்டர் மெக்கேன்ஸ். பழச்சர்க்கரை பற்றி அவர் வெளியிட்ட கணக்கு தப்பு, அமிலத்தில் சூடாக்கும்போது ஃப்ரக்டோஸ் கொஞ்சம் அழிந்துவிடுகிறது என்று இந்தப் பெண் அவரிடமே சொன்னார். அவர் கோபப்படவில்லை, சரியாக அளக்க நிதி வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஏறத்தாழ 60 ஆண்டு இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள்.

1939-இல் போர். உணவுக் கப்பல்கள் வராமல் போனால் ரொட்டி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கை வைத்தே மக்கள் தாக்குப்பிடிப்பார்களா? தங்கள் உடம்பிலேயே சோதித்தார்கள். மூன்று மாதம் அந்தச் சாப்பாடு, பிறகு பனிக்காலத்தில் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் மலையேற்றம். உடம்பு தாங்கியது. ஆனால் தவிட்டோடு அரைத்த கோதுமையிலுள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தை உடம்பில் சேரவிடவில்லை. மாவில் கால்சியம் கலக்கச் சொன்னார்கள். தவிடு நீக்கிய கோதுமை மாவில் கால்சியம் கலப்பது பிரிட்டனில் இன்றும் கட்டாயம்.

மருத்துவமனைச் சமையலறையில் விடோசனைப் பேச வைத்தது, ஆப்பிள் சர்க்கரையை அளந்து வந்த கைப்பழக்கம்தான் அம்மா. ஆகவே முதல் வருடமே மகளை வங்கித் தேர்வு கோச்சிங்குக்கு அனுப்பாதீர்கள். பியூரெட், கலரிமீட்டர் மாதிரி லேப் அளவுக் கருவிகள் கைக்குப் படியட்டும். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை நான் மறைக்கப்போவதில்லை. எம்.எஸ்சி. அவசியம். மூன்றாம் வருடம் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வு எழுதட்டும். உணவில் ஆர்வமிருந்தால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் எம்.எஸ்சி. படிப்பையும் அதன் தகுதி விதிகளையும் பாருங்கள். அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ஒரு சின்ன ஆய்வாகத் தொடங்கியது.

அடுத்த முறை மகளையும் அழைத்து வாருங்கள். லேப் ரெக்கார்டு நோட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். அவள் எழுதிய அளவுகளை நான் பார்க்க வேண்டும்.