ஊதும் டெஸ்ட்டில் மாற்றமே இல்லை, பயிற்சியை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. பல வருடம் விறகடுப்பில் சமைத்தவர். சிஓபிடி (மூச்சுக்குழாய் குறுகிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் ஆகிறது. ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டில் அளவு கூடவே இல்லை. நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நிறுத்திவிடாதீர்கள். அந்த அளவு கூடும் என்று நாங்களும் எதிர்பார்ப்பதில்லை. பல வருடப் புகையில் குறுகிப்போன மூச்சுக்குழாயைப் பயிற்சி விரித்துவிடாது. அது வேலை செய்யும் இடம் கால்.

மூச்சு வாங்குமே என்று பயந்து நடையைக் குறைப்பார்கள். தொடைத் தசை இளைத்துப்போகும். இளைத்த தசை பத்தடியிலேயே களைத்து லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டிவரும். வாசல் வரை நடந்தவர் கட்டிலோடு முடங்குவது இப்படித்தான். தசை தேறினால் அதே தூரத்துக்குக் குறைந்த மூச்சே போதும். மூச்சு நிதானப்பட்டால், வெளியேறாமல் நெஞ்சில் தேங்கும் காற்றும் குறையும்.

ஆகவே, 6 நிமிட நடைச் சோதனையில் முதல் நாள் எத்தனை மீட்டர், இப்போது எத்தனை என்று கேளுங்கள். சுமார் 30 மீட்டர் கூடினாலே நல்ல பலன். 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 44 மீட்டர் அதிகம் நடந்தார்கள்.

வீட்டிலும் கவனியுங்கள். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது முன்பு நடுவில் உட்கார்ந்துவிடுவாரா? இப்போது நின்றபடியே முடிக்கிறாரா? கையைத் தூக்கினாலே இவர்களுக்கு இரைக்கும். அதனால் நான் எந்த ரிப்போர்ட்டையும்விட இதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் வராது என்பதும் உண்மை. சிலருக்குத் தூரம் அவ்வளவாகக் கூடாது, ஆனால் மூச்சைப் பற்றிய பயம் விட்டுப்போகும். வகுப்பைத் தவறவிட்டாலோ, சிரமமே தெரியாமல் நடந்தாலோ பலன் குறையும். மூச்சு வாங்குவதற்குப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், பயிற்சியின்போது நாலிலிருந்து ஆறு வரை வர வேண்டும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே போனாலோ உடனே நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.

எட்டு வாரமாவது முடியட்டும், பன்னிரண்டு என்றால் இன்னும் நல்லது. அப்புறமும் வீட்டில் தொடர வேண்டும்; விட்டுவிட்டால் கிடைத்த பலன் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும்.

சரி, விறகடுப்பு இன்னும் எரிகிறதா? அதை நீங்கள் எழுதவில்லை. எரிந்தால், சமையலை இன்றே வேறொருவர் எடுத்துக்கொள்ளுங்கள், கேஸ் அடுப்பில்.