பூசணம் பிடித்த புண்ணாக்கை என்சைம் பவுடர் காப்பாற்றுமா?

உசிலம்பட்டிப் பக்கம் கறவை மாடு வளர்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: ஐப்பசி மழையில் கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் பூசணம் பிடித்துவிட்டன, பூஞ்சை நஞ்சை உடைக்கும் என்சைம் பவுடர் என்று கடையில் ஒன்று தருகிறார்கள், அதைக் கலந்து மாட்டுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அந்தப் பொருள் பொய்யானது என்பதால் இப்படிச் சொல்லவில்லை. பாக்டீரியாவின் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் செலுத்தித் தயாரிக்கும் நொதி (என்சைம்) ஒன்று, மக்காச்சோளத்தில் வரும் ஃபியூமோனிசின் என்ற நஞ்சின் பக்கக் கிளைகளை வெட்டி அதன் வீரியத்தைப் பெரிதும் குறைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் அதைப் பன்றித் தீவனத்துக்கு அனுமதித்தது. ஆனால் ஒரு நொதி தனக்குரிய நஞ்சை மட்டுமே உடைக்கும். கடலைப் புண்ணாக்கில் நாம் முதலில் அஞ்ச வேண்டியது அஃப்ளாடாக்சின் என்ற வேறொரு பூஞ்சை நஞ்சை. ஃபியூமோனிசினுக்கான நொதி அதைத் தொடாது. அஃப்ளாடாக்சினை உடைக்கும் நொதிகள் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. அதற்கு இன்று பரவலாகப் பயன்படுவது, நஞ்சைக் குடலில் பற்றிக்கொண்டு சாணத்தோடு வெளியேற்றும் பென்டோனைட் களிமண். அதுவும் குறைந்த அளவு நஞ்சுக்குத்தான் உதவும், கெட்டுப்போன தீவனத்தை நல்லதாக்காது.

ஆகவே பாக்கெட்டில் எந்த நஞ்சுக்கு, எந்தக் கால்நடைக்கு என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். "எல்லா நஞ்சுக்கும்" என்றிருந்தால் வாங்காதீர்கள். நொதி ஈரத்தில்தான் வேலை செய்யும், கொதிக்கும் சூட்டில் செயலிழக்கும் என்பதால், மூட்டையில் உலர்வாகத் தூவி வைப்பதிலோ கொதிக்கும் கஞ்சியில் கலப்பதிலோ பயனில்லை.

புண்ணாக்குக் கட்டியை உடைத்து, நடுவில் பச்சையும் மஞ்சளுமாகத் தூள் படிந்து முடைநாற்றம் வீசுகிறதா என்று பாருங்கள். வீசினால் அந்த மூட்டையையே ஒதுக்கிவிடுங்கள், கோழிக்கும் போடாதீர்கள். பார்வைக்குச் சுத்தமாக இருப்பதிலும் நஞ்சு இருக்கக்கூடும். சந்தேகமிருந்தால், மூட்டையில் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியை, நாமக்கல்லில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நடத்தும் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பலாம். மக்காச்சோளத்தை ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து, தரையில் படாமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள். காயவைப்பது இனி பூஞ்சை வளராமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே ஊறிய நஞ்சை வெயில் முழுமையாகப் போக்காது.

அந்தப் புண்ணாக்கை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். நஞ்சின் ஒரு பகுதி அஃப்ளாடாக்சின் எம்1 ஆக மாறி ஒரு நாளைக்குள் பாலில் வந்துவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ அரை மைக்ரோகிராம்தான் நம் நாட்டில் வரம்பு, காய்ச்சினாலும் அது போகாது. தீவனத்தை மாற்றிய நான்கைந்து நாட்களில் பால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதுவரை அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள்.