கேன்சாட்டா, கியூப்சாட்டா: மாணவர் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பொறியியல் கல்லூரி ஒன்றின் விண்வெளிப் பொறியியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 20 பேருக்குச் செயற்கைக்கோள் வடிவமைப்பைச் செய்முறையாகக் கற்பிக்க வேண்டும். கிடைத்துள்ள நிதியில் கியூப்சாட் (10 செ.மீ. கனசதுர அளவிலான சிறு செயற்கைக்கோள்) பயிற்சிப் பெட்டி ஒன்றை வாங்கலாமா, மாணவர்களையே மாதிரிகளைச் செய்யச் சொல்லலாமா?

பதில்: பயிற்சியின் முதல் ஆண்டில் பெட்டியை வாங்க வேண்டாம். அத்தகைய பெட்டிகளில் மின்வழங்கல், தொலைத்தொடர்பு, கட்டுப்பாடு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தும்படி முன்பே செய்யப்பட்டிருக்கும். மாணவர்கள் கற்க வேண்டியவற்றுள் மிகக் கடினமானதோ அந்தப் பொருத்தத்தை உருவாக்குவதுதான். மேலும், ஒரு பெட்டியைச் சுற்றி 20 பேர் நின்றால் மூவர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஐவர் கொண்ட நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியும் ஒரு கேன்சாட் செய்யட்டும். இறங்கும்போது காற்றழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றை அளந்து வானொலி வழியே தரைக்கு அனுப்பும், குளிர்பான டின் அளவிலான இந்த மாதிரியை 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாப் ட்விக்ஸ் முன்மொழிந்தார். கியூப்சாட் வரையறையை அடுத்த ஆண்டு ஜோர்டி புயிக்-சுவாரியுடன் சேர்ந்து உருவாக்கியவரும் அவரே. ஐரோப்பியப் போட்டிகளின் அளவுகளையே நீங்களும் விதியாக்கலாம்: உயரம் 115 மி.மீ., விட்டம் 66 மி.மீ., எடை 300 முதல் 350 கிராம். விதியைத் தளர்த்தாதீர்கள். ஐந்து கிராம் கூடிவிட்டது என்று ஓர் அணி வந்து நிற்கும்போது, எதைக் குறைப்பது என்று அவர்களுக்குள் எழும் விவாதம் எந்த விரிவுரையாலும் தர முடியாத பாடம்.

பாராசூட்டைக் கணக்கிட்டுத் தைக்கச் சொல்லுங்கள். 330 கிராம் எடை நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும் என்றால், இழுவைக் குணகத்தை (காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதைக் குறிக்கும் எண்) 0.8 எனக் கொண்டால், விட்டம் ஏறத்தாழ 33 செ.மீ. வரும். பிறகு, ட்ரோன் பறக்க அனுமதியுள்ள பச்சை மண்டலத்தில் 100 மீட்டர் உயரத்திலிருந்து விடுவித்தால், இறக்கம் 11 நொடிகளில் முடிந்துவிடும். நொடிக்கு ஒருமுறை அளக்கும் அணிக்குப் பதினோரு புள்ளிகள்தாம் கிடைக்கும். அளவீட்டு வேகத்தை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியதன் காரணம் அங்கே விளங்கும். அந்த உயரத்துக்குக் காற்றழுத்தம் சுமார் 12 ஹெக்டோபாஸ்கல் மாறும், சாதாரண சென்சாரே அதைத் தெளிவாகக் காட்டும். வெப்பநிலையோ ஏறத்தாழ 1 டிகிரிதான் மாறும், சர்க்யூட் போர்டின் சூடே அதை மறைத்துவிடும். இந்த இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து ஒரு வகுப்பு முழுவதும் பேசுங்கள்.

பெரும்பாலான அணிகள் தடுமாறும் இடம் மின்வழங்கல். வானொலிக் கருவி அளவீடுகளை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் உயர, மின்னழுத்தம் சரிந்து, மைக்ரோகன்ட்ரோலர் (மாதிரியை இயக்கும் சிறு கணினிச் சில்லு) மறுதொடக்கம் ஆகிவிடும். தனித்தனியாகச் சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். ஆகவே, முழுமையாகப் பூட்டிய நிலையில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடாத மாதிரியை ட்ரோனில் ஏற்றக் கூடாது என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். வானொலிக் கருவியை வாங்கும்போது அலைவரிசையைக் கவனியுங்கள்: இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம், கடைகளில் கிடைக்கும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் அதற்குள் வராது.

இரண்டாம் பருவத்தில் 10 செ.மீ. கனசதுர மாதிரிக்குச் செல்லலாம். அதை மெல்லிய நூலில் தொங்கவிட்டு, உள்ளே சிறு மோட்டாரில் சுழலும் சக்கரம் ஒன்றைப் பொருத்தி, விளக்கொளியை நோக்கித் திரும்பச் செய்வது அருமையான பயிற்சி. காந்தச் சுருள்களால் இதைச் செய்ய முயல வேண்டாம். நம் பகுதியில் புவிக்காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான் என்பதால், சிறு சுருள் தரும் முறுக்குவிசை அறைக் காற்றின் அசைவுக்கே தோற்றுவிடும். விண்வெளியில் பயன்படும் ஒரு முறை மேசைமேல் ஏன் பயன்படவில்லை என்பதை மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-இல் விண்ணுக்குச் சென்றபோது அதன் எடை 40 கிலோ. 2016-இல் சென்ற, சென்னை சத்யபாமா பல்கலைக்கழகத்தின் சத்யபாமாசாட்டின் எடை 1.5 கிலோ. செயற்கைக்கோள் சிறுத்ததால் ஒரு கல்லூரிக்கு அது எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது உண்மைதான். ஆயினும் ஏவுதலை இப்போதே இலக்காக அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் காலக்கெடுவுக்காகச் சோதனைகள் சுருங்கும். நான்கு அணிகளின் குறிப்பேடுகளும் அடுத்த தொகுதி மாணவர்கள் கைக்குச் சென்ற பிறகு, அவர்கள் கேட்கும் பாகங்களை மட்டும் அந்த நிதியில் வாங்கிக் கொடுங்கள்.