விழுங்கி வளரும் விண்மீன் மண்டலங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (கல்முனை): ஒரு விண்மீன் மண்டலம் இன்னொன்றை விழுங்குகிறது என்றால், விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதி அழிகின்றனவா?

பதில்: இல்லை. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கும்போது மோதலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு; மோதுபவை வாயு முகில்களே. மட்டக்களப்புக் கரையில் சிறிதாகவே தெரியும் வற்றுப்பெருக்கை உண்டாக்கும் அதே ஈர்ப்பு வேறுபாடுதான், சிறிய மண்டலத்தின் கிட்டிய பக்கத்தைத் தூரப் பக்கத்தைவிட வலுவாக இழுத்து, அதன் விண்மீன்களை நீண்ட இழைகளாக உருவிவிடுகிறது. சிறிய மண்டலம் ஏன் சுற்றிக்கொண்டே இராமல் உள்ளே விழுகிறது என்பதற்கான விளக்கத்தை 1943இல் சுப்பிரமணியன் சந்திரசேகர் கணித்துக் காட்டினார்: பாரிய பொருளொன்று விண்மீன்களினூடே செல்லும்போது அவை அதன் பின்னால் திரள்கின்றன, அத்திரளின் ஈர்ப்பு அதைப் பின்னிழுத்து வேகத்தைக் குறைக்க, பாதை சுருங்கிக்கொண்டே வருகிறது.

கேள்வி (வாழைச்சேனை): நமது பால்வீதியும் இப்படி வளர்ந்ததா?

பதில்: இன்றும் வளர்கிறது. 1994இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறுமண்டலம் சிதைந்து, அதன் விண்மீன் இழைகள் பால்வீதியைச் சுற்றிப் படர்ந்துள்ளன. விண்மீன்களின் இடங்களையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் 2018இல் வெளியான தரவுகளோ, ஏறத்தாழ 10 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த இன்னும் பெரியதோர் இணைவைக் காட்டிக்கொடுத்தன. ஆயினும் கன்னி விண்மீன் கூட்டத்திலுள்ள எம்87 என்ற பூத மண்டலத்தோடு ஒப்பிட்டால் நம்முடையது அளவாக உண்டதுதான்: நம்மிடம் விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கோளக் கொத்துகள் சுமார் 150 இருக்க, அதனிடம் பத்தாயிரத்துக்கும் மேல் உள்ளன, அவற்றுட் பல, விழுங்கப்பட்ட மண்டலங்களோடு வந்தவை.

கேள்வி (பொத்துவில்): இவற்றில் ஏதேனும் நம் கண்ணுக்குத் தெரியுமா?

பதில்: இவ்விடயத்தில் ஐரோப்பியரைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள். மே நடுப்பகுதியில், இரவு பத்து மணியளவில் தெற்கு நோக்கி நின்றால், தென்சிலுவைக்கு இடது மேற்புறத்தில், தொடுவானிலிருந்து சுமார் 35 பாகை உயரத்தில் மங்கிய விண்மீன் போன்ற ஒன்று தெரியும். அதுவே ஒமேகா சென்டோரி. பைனாகுலரில் உருண்டையான பஞ்சுப் புகையாக விரியும். பல வானியலாளர் கருத்துப்படி, அது பால்வீதி உரித்தெடுத்த ஒரு குறுமண்டலத்தின் எஞ்சிய கருவாகும். அதன் மையத்தில் ஏழு விண்மீன்கள் மிக வேகமாக ஓடுவதை ஹபிள் தொலைநோக்கி கண்டதிலிருந்து, அங்கே குறைந்தது 8,200 சூரியத் திணிவுள்ள கருந்துளை இருக்கலாமென 2024இல் அறிவிக்கப்பட்டது. மண்டலங்களின் மையத்திலேயே இத்தகைய பாரிய கருந்துளைகள் பொதுவாகக் காணப்படுவதால், அக்கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. அறுகம்பை விடுதிகளின் வெளிச்சத்திலிருந்து விலகிப் பார்க்கவும். பாணமைப் பக்கம் போகிறவர்கள் யானைகளை மறக்க வேண்டாம்.

கேள்வி (அக்கரைப்பற்று): நமது பெரிய அண்டை மண்டலமான அந்திரொமேடா நம்மோடு மோதுவது உறுதியா?

பதில்: முன்பு அப்படித்தான் கருதப்பட்டது. பால்வீதியின் துணை மண்டலமான பெரிய மகெல்லன் முகிலின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணித்த 2025ஆம் ஆண்டு ஆய்வு, அடுத்த 10 பில்லியன் ஆண்டுகளில் அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்கிறது. அம்முகில் பால்வீதியோடு இணைவதே அதைவிட முன்னதாக நடக்கக்கூடியது.