கேளுங்கள், சொல்கிறோம்: கெமர் தேவியர்

கேள்வி: கம்போடியத் தலைநகர் புனோம் பென் அருங்காட்சியகத்தில் உமை, துர்க்கை கற்சிலைகள் பலவற்றுக்குக் கை, பாதம் இல்லையே, ஏன்? (வாசகி, தேவகோட்டை)

பதில்: கல்தான் முதல் காரணம். நம் பக்கத்துக் கோயில்களில் கருங்கல். கெமர், அதாவது பழைய கம்போடியச் சிற்பிகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மணற்கல். இழைத்தால் தோல்போல வழவழப்பாகும், ஆனால் படிவுப் படிவாக அமைந்த கல். நீர் இறங்கி உப்புப் பூத்தால் செதில் செதிலாக உரியும்.

இரண்டாவது, நிற்கும் விதம். பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் மலையோடு ஒட்டியவர். பாரத்தை மலை தாங்குகிறது. கெமர் தேவியோ முதுகுப்பலகை இல்லாமல் தனித்து நிற்பவள். முழு எடையும் கணுக்காலில். பாதத்துக்குக் கீழுள்ள முளை பீடக்குழியில் இறங்கியிருக்கும். சிலை சாய்ந்தால் கணுக்காலில்தான் முறியும். அதனால்தான் கணுக்காலை அழகு குறைந்தாலும் தடிமனாகவே விட்டார்கள். உடலை விட்டு விலகி நீளும் முன்கைக்கும் தாங்கல் கிடையாது. திருடர்கள் பாதத்தைப் பீடத்திலேயே விட்டுவிட்டுக் கணுக்காலில் அறுத்தெடுத்ததும் உண்டு. அந்த வெட்டு நேராக இருக்கும்.

காலத்தைக் கணிக்கப் பாவாடையைப் பாருங்கள். நுண்மடிப்போடு, முன்னால் தொப்புளுக்குக் கீழே தழைந்து, பின்னால் உயர்ந்தால் 11-ஆம் நூற்றாண்டு பாபுவான் பாணி (அங்கோரிலுள்ள பாபுவான் கோயிலின் பெயரால் வழங்கும் சிற்பப் பாணி). அந்த மெல்லிய உடல்வாகுக்கு ஈடு இல்லை!